கடலை இசையாகவும் ஆடலாகவும் அமைத்தல்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கடலைப் பற்றி ஒரு பாடலையோ ஆடலையோ அமைக்கத் தொடங்குபவர்களுள் பெரும்பாலோர் முதலில் அலையின் ஓசையைப் போலச் செய்கிறார்கள், அல்லது கைகளை நெளித்து அலையின் வடிவத்தைக் காட்டுகிறார்கள். இவற்றைத் தவறென்று தள்ளிவிட முடியாது; ஆனால் இரண்டுமே அரை நிமிடத்தில் தீர்ந்துபோகின்றன. இது கடல் என்று அவையோர் அடையாளம் கண்டுகொண்ட பிறகு அவர்களுக்குக் கொடுப்பதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை. கடலிடமிருந்து கலைஞர் பெறக்கூடியவற்றுள் நெடுநேரம் தாங்குவது அதன் காலக்கணக்கு: எவ்வளவு நேரத்திற்கு ஒருமுறை எழுகிறது, எழுவதற்கும் வடிவதற்கும் எடுத்துக்கொள்ளும் நேரங்கள் எப்படி வேறுபடுகின்றன, ஒழுங்காக வந்துகொண்டிருப்பது எந்த இடத்தில் ஒழுங்கு தவறுகிறது என்பவை. ஆகவே இந்த வழிகாட்டியில் காலம் முதலிலும், ஓசையும் சுரமும் அடுத்தும், உடலசைவு அதன்பின்னும், கை முத்திரைகளும் சொற்களும் கடைசியிலும் வருகின்றன. தாளமும் சுரமும் ஓரளவு அறிந்திருந்தும் சொந்தமாக எதையும் அமைத்துப் பழகாத ஒருவரை எண்ணியே இது எழுதப்படுகிறது.

முதற்படி: அலையை எண்ணுதல்

ஒரு கடிகாரத்தையும் குறிப்பேட்டையும் எடுத்துக்கொண்டு, நீர் எட்டாத தொலைவில் பாதுகாப்பான ஓரிடத்தில் அமர வேண்டும். நீருக்குள் தெரியும் ஏதேனும் ஒரு நிலையான பொருளை, ஒரு பாறையையோ மிதவையையோ, அடையாளமாகக் கொண்டு, அதை ஓர் அலையின் முகடு கடக்கும் நொடியில் கடிகாரத்தைத் தொடங்கி, அதற்குப் பின் பத்தாவதாக வரும் முகடு கடக்கும்போது நிறுத்தி, கிடைத்த நேரத்தைப் பத்தால் வகுத்தால் அலையின் காலம் கிடைக்கும். அருகில் வீசும் காற்றினால் எழும் அலைகளுக்கு இது பெரும்பாலும் 5 முதல் 8 விநாடிகளாக இருக்கும். தொலைதூரப் புயல்களிலிருந்து பயணம் செய்து வரும் நெடிய அலைகளுக்கு 10 முதல் 16 விநாடிகள் வரையும், சில வேளைகளில் அதற்கு மேலும் செல்லும். கடற்கரைக்குச் செல்ல இயலாதவர்கள் வெட்டி ஒட்டப்படாத ஒரு நீண்ட காணொளியைக் கொண்டே இந்த எண்ணிக்கையைச் செய்துகொள்ளலாம்.

இதே இடத்தில் இன்னொன்றையும் அளந்துகொள்வது நல்லது. உடைந்த அலையின் நீர் மணலில் ஏறும் நேரத்தையும், அது திரும்பி வடியும் நேரத்தையும் தனித்தனியே குறித்துப் பார்த்தால், ஏறுவது விரைவாகவும் வடிவது மெதுவாகவும் இருப்பது தெரியவரும். தொடக்கநிலை அமைப்புகளில் அலை என்றாலே ஒலி மெல்லப் பெருகி அதே அளவு மெல்லக் குறையும் சமச்சீரான ஒன்றாக அமைந்துவிடுவதற்குக் காரணம், அமைத்தவர் இந்த வேறுபாட்டை அளந்து பார்க்காமல் நினைவிலுள்ள ஒரு படத்தை நம்பியதுதான். எட்டு எண்ணிக்கை கொண்ட ஒரு வரியில் மூன்றை ஏற்றத்திற்கும் ஐந்தை இறக்கத்திற்கும் கொடுத்துப் பாடிப் பார்த்தால், நான்கும் நான்குமாகப் பிரித்ததைக் காட்டிலும் எவ்வளவு உயிர் கூடுகிறது என்பதை உடனே உணரலாம்.

அரை மணி நேரமேனும் உட்கார்ந்திருப்பவருக்கு, சற்றுப் பெரிய அலைகள் சில சேர்ந்தாற்போல வருவதும், பிறகு கடல் சிறிது அடங்குவதும், மீண்டும் பெரியவை வருவதும் கண்ணுக்குப் படும். வெவ்வேறு காலமுடைய இரண்டு அலைத்தொடர்கள் ஒன்றன்மீது ஒன்றாக வரும்போது இவ்வாறு நிகழ்கிறது. ஒன்றின் காலம் 10 விநாடி, மற்றொன்றின் காலம் 11 விநாடி என்றால், அவற்றின் முகடுகள் 110 விநாடிக்கு ஒருமுறை ஒன்றுசேர்ந்து உயர்கின்றன. இடையில் ஒன்றின் முகடு மற்றொன்றின் பள்ளத்தில் விழுந்து இரண்டும் தணிகின்றன. இந்தக் கணக்கு பின்னால் தாளத்தில் பயன்படும்.

இரண்டாம் படி: ஒலியைப் பதிவு செய்தல்

கைப்பேசியே போதும், ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். பேச்சைப் பதிவதற்கான செயலிகள் பலவும் தொடர்ந்து வரும் இரைச்சலைத் தாமாகவே நீக்கிவிடுகின்றன; கடலின் ஒலி அவற்றின் கணக்கில் நீக்கப்பட வேண்டிய இரைச்சல்தான். மேலும், தானாக ஒலியளவைச் சரிசெய்யும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால் பெரிய அலையும் சிறிய அலையும் ஒரே அளவில் பதிவாகி, நமக்கு வேண்டிய ஏற்றத்தாழ்வு அழிந்துபோகும். இவ்விரண்டையும் நிறுத்திவிட்டு, ஒலிவாங்கிக்குக் காற்றுத் தடுப்பாக ஒரு பஞ்சுறையைப் போட்டு, காற்று அடங்கியிருக்கும் பொழுதில் குறைந்தது இருபது நிமிடமாவது இடைவிடாமல் பதிவு செய்ய வேண்டும். கரையை ஒட்டி ஒரு பதிவும் தொலைவிலிருந்து ஒரு பதிவும் இருந்தால் ஒப்பிட்டுக் கேட்க உதவும்.

இந்தப் பதிவு கேட்டுப் பழகுவதற்கு உரியது. அரங்கில் ஒலிபரப்புவதற்கு உரியதன்று. நிகழ்ச்சியின் தொடக்கத்தில் பதிவு செய்த அலையோசையை ஓடவிடும் வழக்கத்தை நான் ஆதரிப்பதில்லை. அதன்பின் வரும் மிருதங்கமும் குரலும் அந்த ஓசையோடு போட்டியிட்டுத் தோற்பதைத்தான் பெரும்பாலும் பார்க்க முடிகிறது.

பதிவைக் கண்களை மூடிக் கேட்டால், ஓர் அலை உடையும்போது முதலில் அடியில் ஒரு கனத்த அதிர்வும், அதன்மேல் இரைச்சலும், முடிவில் மெல்லிய சீறலும் வருவது தெரியும். நீருக்குள் சிக்கிய காற்றுக் குமிழிகள் அதிர்வதாலேயே இந்த ஒலியின் பெரும்பகுதி உண்டாகிறது. குமிழி பெரிதானால் ஒலி தாழ்ந்தும், சிறிதானால் உயர்ந்தும் இருக்கும்: 3 மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழி ஏறத்தாழ 1000 ஹெர்ட்ஸிலும், 1 மில்லிமீட்டர் ஆரமுள்ளது ஏறத்தாழ 3000 ஹெர்ட்ஸிலும் அதிர்கிறது. கருவிகளைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த வரிசையே வழிகாட்டும். மிருதங்கத்தின் தாழ்ந்த ஒலி தரும் பக்கமான தொப்பியில் ஒரு கனத்த அடி, உடனே உயர்ந்த ஒலி தரும் பக்கமான வலந்தலையில் விரல்களின் விரைவான மென்சொற்கள், பிறகு கஞ்சிரா என்னும் சிறு பறையின் சலங்கை மட்டும் என்று மூன்று அடுக்காக அமைத்தால், எந்த மின்னணு ஒலியின் உதவியும் இல்லாமல் உடையும் அலையின் வண்ணம் கிடைத்துவிடும். இரண்டு தோல்களுக்கிடையே சிறிய எஃகு மணிகள் உருளும்படி செய்யப்பட்ட வட்டப் பறையும் இதற்கென்றே கிடைக்கிறது; ஒரு நிகழ்ச்சியில் அதை ஓரிரு முறைக்கு மேல் பயன்படுத்தினால் சலிப்பூட்டும்.

மூன்றாம் படி: ஒரே ஓர் இயல்பைத் தேர்ந்தெடுத்தல்

புயல், நிலவொளி, ஓடம், மீன், ஆழம், அடிவானம் என்று எல்லாவற்றையும் ஐந்து நிமிடத்திற்குள் சேர்த்துவிடும் ஆசையை இங்கேயே விட்டுவிட வேண்டும். எழுந்து வடிவது, ஒன்றன்மேல் ஒன்று ஏறி வருவது, ஆறு மணி நேரத்திற்குச் சற்று அதிகமாக உயர்ந்து பின் அதே அளவு நேரம் தாழும் ஓதம், அசைவே இல்லாத ஆழம் என்பவற்றுள் ஏதேனும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை ஒரே வாக்கியமாக எழுதி வைத்துக்கொள்வது போதும். ஜெர்மன் இசையமைப்பாளர் மெண்டல்சன் 1829ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைத் தீவுகளுக்குச் சென்றபோது எழுதிவைத்த சிறு சுர அலகுதான் அவருடைய ஹெப்ரிடீஸ் முன்னிசையின் தொடக்கம். ஒரே ஒரு தாளக்கட்டுக்குள் அடங்கும் அந்த இறங்குவரிசை மீண்டும் மீண்டும் வர, அதற்குக் கீழேயுள்ள இசைவு மட்டும் மாறிக்கொண்டே செல்கிறது. புதியவர் ஒருவர் பின்பற்றுவதற்கு இதைவிட எளிய முன்மாதிரி கிடையாது.

தேர்ந்தெடுத்த பிறகு கடற்கரையைவிட்டு வந்துவிடுவது நல்லது என்பதும் என் கருத்து. பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸி தம்முடைய மூன்று பகுதிகள் கொண்ட கடல் பற்றிய பல்லியத்தை, அதாவது பல கருவிகள் சேர்ந்து இசைக்கும் ஆக்கத்தை, 1903இல் தொடங்கியது கடலிலிருந்து வெகுதொலைவில் உள்ள பர்கண்டி என்னும் உள்நாட்டுப் பகுதியில்தான். எண்ணற்ற நினைவுகள் தம்மிடம் இருப்பதையே அவர் போதுமானதாகக் கருதினார். கண்முன்னே கடல் இருக்கும்வரை எதை விடுவது என்று முடிவெடுப்பது கடினம்.

நான்காம் படி: தாளத்தில் வைத்தல்

தாளத்தின் ஓர் எண்ணிக்கை அட்சரம், அதன் ஒரு முழுச் சுற்று ஆவர்த்தனம். நிமிடத்திற்கு 60 அட்சரம் என்ற வேகத்தில், எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனம் சரியாக 8 விநாடி நீடிக்கும். அதாவது 8 விநாடிக் காலமுடைய அலை ஒன்று ஓர் ஆவர்த்தனத்தில் முழுமையாக அடங்கிவிடுகிறது. அதே தாளத்தை நிமிடத்திற்கு 80 என்ற வேகத்தில் எடுத்தால் ஆவர்த்தனம் 6 விநாடியாகக் குறுகி, காற்றடிக்கும் நாளின் கடலுக்குப் பொருந்துகிறது. 12 விநாடிக் காலமுடைய நெடிய அலைக்கு, 60 என்ற வேகத்தில் ஆறு எண்ணிக்கை கொண்ட ரூபகத்தின் இரண்டு ஆவர்த்தனங்கள் தேவைப்படும். எனவே முதற்படியில் அளந்த எண்ணை எடுத்து, எந்தத் தாளம் எந்த வேகத்தில் அதற்கு ஒத்துவருகிறது என்று கணக்கிட்டுவிட்டால், பாட்டின் அடித்தளம் ஊகத்திற்கு இடமின்றி அமைந்துவிடும். நடையைத் திஸ்ரமாக வைத்தால், அதாவது ஒவ்வோர் அட்சரத்தையும் மூன்றாகப் பகுத்தால், ஊசலாட்டம் தானாகவே வந்து சேரும். உலகின் பல ஓடப்பாட்டுகள் மும்மூன்றாக எண்ணப்படுவது இதனால்தான்.

இவ்வளவோடு நின்றுவிட்டால் கிடைப்பது ஒழுங்கான தாலாட்டு. கடலின் ஒழுங்கின்மை இன்னும் வரவில்லை. அதற்காகத்தான் இரண்டு அலைத்தொடர்களின் கணக்கு. ஒரே வேகத்தில், ஒரு குழு 8 எண்ணிக்கைச் சுழற்சியையும், இன்னொரு குழு 7 எண்ணிக்கைச் சுழற்சியையும் ஒரே நேரத்தில் தொடங்கட்டும். ஒவ்வொரு சுழற்சியின் தொடக்கத்திலும் அந்தக் குழு தன் ஒலியை உயர்த்தட்டும். இரண்டின் எழுச்சியும் மெல்ல விலகி, ஒன்றையொன்று கலைத்து, 56ஆம் எண்ணிக்கை முடிந்ததும் மீண்டும் ஒரே இடத்தில் சேரும். அந்தச் சேர்க்கையே பெரிய அலை. பாடுபவர் ஆதியில் நிற்க, தாளக்கருவிக்காரர் மிஸ்ரத்தில் கட்டிய ஏழின் சொற்களை எட்டு முறை வாசித்து அவரோடு சமத்தில், அதாவது ஆவர்த்தனம் தொடங்கும் இடத்தில், வந்து சேர்வது கர்நாடக இசை பயின்றவர்களுக்குப் புதிதன்று. புதிதாக இருக்கக்கூடியது, அதை வித்தையாகக் காட்டாமல், சேரும் இடத்தைத் தவிர மற்ற இடங்களில் ஒலியை அடக்கியே வைத்திருப்பது.

இந்த முறையைப் பேரளவில் கையாண்டவர் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் லூதர் ஆடம்ஸ். 2013இல் அரங்கேறி அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு பெற்ற அவருடைய 'பிகம் ஓஷன்' என்ற பல்லியத்தில், நரம்புக் கருவிகள், மரக்குழல்கள், பித்தளைக் கருவிகள் ஆகியவை மூன்று தனிக்குழுக்களாக, தத்தம் கால அளவில் பெருகிக் குறைகின்றன. நாற்பது நிமிடத்திற்கு மேல் நீளும் அந்த ஆக்கத்தில் மூன்று குழுக்களின் முகடுகளும் ஒன்றுசேரும் இடங்கள் மூன்றே. முதல் முயற்சியில் ஈடுபடுபவருக்கு ஒரே ஒரு சேர்க்கை போதுமானது.

ஐந்தாம் படி: சுரங்களைக் குறைத்தல்

குரோவேஷியாவின் ஸாதர் நகரக் கடலோரத்தில், கட்டடக் கலைஞர் நிகோலா பாஷிச் வடிவமைத்து 2005இல் திறக்கப்பட்ட கடல் ஆர்கன் ஒன்று உள்ளது. படிக்கட்டுகளுக்கு அடியில் அமைந்த 35 குழல்களுக்குள் அலைகள் காற்றைத் தள்ள, அவை ஒலிக்கின்றன. எந்தக் குழல் எப்போது ஒலிக்கும் என்பதைக் கடல் தீர்மானிக்கிறது. எந்தச் சுரங்கள் ஒலிக்கலாம் என்பதை மட்டும் மனிதர் முன்கூட்டியே தீர்மானித்திருப்பதால், எவை சேர்ந்தாலும் இனிமை கெடுவதில்லை. காலத்தைத் தளர்த்துபவர் சுரத்தை இறுக்க வேண்டும் என்ற நடைமுறை இதிலிருந்து கிடைக்கிறது.

நம் இசையில் இதற்கு ஏற்றவை அரைச்சுர இடைவெளி இல்லாத ஐந்து சுர இராகங்கள். மோகனத்தைத் தொடக்கமாகக் கொள்ளலாம். அதன் சுரங்களை மாற்றாமல் ரிஷபத்தை ஆதார ஷட்ஜமாகக் கொண்டால் மத்தியமாவதியும், காந்தாரத்தைக் கொண்டால் ஹிந்தோளமும், பஞ்சமத்தைக் கொண்டால் சுத்த சாவேரியும், தைவதத்தைக் கொண்டால் சுத்த தன்யாசியும் தோன்றும். ஐந்து சுரங்களும் அவையே; ஆதாரம் மட்டும் நகர்கிறது. ஒளி மாறும்போது அதே நீர் வேறு நிறம் கொள்வதை இசையில் காட்டுவதற்கு இந்தக் கிரகபேதம் கைவசமுள்ள மிகச் சிறந்த வழி என்று நினைக்கிறேன். ஆனால் தம்புரா பழைய ஷட்ஜத்திலேயே நின்றால் மாற்றம் காதில் விழாது. ஆகவே மாற்றும் இடத்தில் சுருதியைச் சற்று நேரம் நிறுத்திவிட்டுப் புதிய ஆதாரத்தில் மீண்டும் தொடங்க வேண்டும். மெட்டமைக்கும்போது ஏற்றத்தில் சுரங்களைத் தனித்தனியாக விரைந்து தொட்டு, இறக்கத்தில் ஜாருவாக வழுக்கி வருவது, மூன்றும் ஐந்துமான அந்தப் பகுப்போடு இயல்பாகப் பொருந்தும்.

ஆறாம் படி: உடலில் கொண்டுவருதல்

அலை கடந்து செல்லும்போது நீர் அதனோடு பயணம் செய்வதில்லை. ஆழமான நீரில் ஒவ்வொரு துளியும் ஏறத்தாழ ஒரு வட்டத்தில் சுழன்று தான் இருந்த இடத்திற்கே திரும்புகிறது. முன்னேறுவது வடிவமும் ஆற்றலும் மட்டுமே. முகட்டில் இருக்கும்போது துளி அலை செல்லும் திசையில் நகர்கிறது, பள்ளத்தில் இருக்கும்போது எதிர்த்திசையில் நகர்கிறது. குழுவாக ஆடுபவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள குறிப்பு வேறில்லை. அலையைக் காட்டுவதற்காக மேடையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடத் தேவையில்லை. ஒவ்வொருவரும் நின்ற இடத்திலேயே எழுந்து, உச்சியில் உடலின் எடையை முன்னங்காலுக்கு மாற்றி, தாழ்ந்து, அடியில் எடையைப் பின்னங்காலுக்கு மாற்றினால் போதும். எட்டுப் பேர் வரிசையாக நின்று, ஒவ்வொருவரும் தமக்கு முன்னிருப்பவருக்கு ஓர் எண்ணிக்கை பிந்தி இதைச் செய்தால், எட்டு எண்ணிக்கையில் ஒரு முழு அலை வரிசையைக் கடந்து செல்லும். நால்வர்தான் இருக்கிறார்கள் என்றால் இரண்டிரண்டு எண்ணிக்கையாகப் பிந்த வேண்டும்.

பரதநாட்டியம் பயின்றவர்கள் நிமிர்ந்த நிலை, முழங்காலைப் பாதி மடக்கிய அரைமண்டி, முழுவதும் மடக்கித் தாழ்ந்த முழுமண்டி ஆகிய மூன்றையும் முகடு, நடு, பள்ளம் என்று கொண்டு பழகலாம். வேறு முறையில் பயின்றவர்கள் இடுப்பில் தொடங்கி முதுகெலும்பு வழியாகக் கழுத்துவரை ஏறும் ஓர் அசைவை மெதுவாகப் பயிற்சி செய்யலாம்; முதுகையும் முழங்காலையும் முன்னதாகப் பதப்படுத்திக்கொள்ளாமல் இதை விரைவாகச் செய்யக் கூடாது. முழுமண்டியிலிருந்து மீண்டும் மீண்டும் எழுவது முழங்காலுக்குச் சுமை என்பதால், ஒத்திகைகளில் பெரும்பகுதியை அரைமண்டியோடு நிறுத்திக்கொள்வதே முறை.

முதல் சில ஒத்திகைகளை இசையில்லாமல் நடத்திப் பார்க்குமாறு வற்புறுத்திச் சொல்வேன். அமெரிக்க நடன அமைப்பாளர் டோரிஸ் ஹம்ஃப்ரி 1928இல் அரங்கேற்றிய 'வாட்டர் ஸ்டடி' என்னும் குழு ஆடலுக்கு இசையே கிடையாது. ஆடுபவர்களின் மூச்சே அதன் காலத்தை வைத்திருந்தது. மூச்சை உள்ளிழுக்கும்போது எழுவதும் வெளிவிடும்போது தாழ்வதுமாகப் பழகி, பக்கத்தில் இருப்பவரின் மூச்சைக் கேட்டுத் தம் அசைவைத் தொடங்கக் கற்றுக்கொண்ட குழு, பின்னர் தாளத்தோடு ஆடும்போது இயந்திரத்தனமாகத் தெரியாது. இந்தப் பயிற்சிக்குக் கண்ணாடி வேண்டியதில்லை, அதைத் திரையிட்டு மூடிவிடுவதே நல்லது.

கைகளை இந்நிலைக்குப் பிறகு சேர்த்தால் போதும். அபிநய தர்ப்பணம் என்னும் நாட்டிய நூல், விரல்களை ஒட்டி நீட்டிய பதாக முத்திரையின் பயன்பாடுகளில் அலையையும் கடலையும் குறிப்பிடுகிறது. இரட்டைக்கை முத்திரைகளில் சங்கு, மீன், ஆமை ஆகிய மூன்றும் உள்ளன. உடல் ஏற்கெனவே அலையாக இருக்கும்போது பதாகத்தை அசையாமல் நீட்டி வைத்தாலே கடற்பரப்பு தெரிந்துவிடும். உடலும் நெளிந்து கையும் நெளிந்தால் இரண்டும் ஒன்றையொன்று மறைக்கும்.

ஏழாம் படி: சொற்கள் வேண்டுமா என்று முடிவெடுத்தல்

சொல்லின்றி நிற்கக்கூடிய ஆக்கத்திற்குச் சொல்லைத் தேடி அலைய வேண்டியதில்லை. வேண்டும் என்று தோன்றினால், தமிழில் எழுதுபவருக்கு ஆயத்தமாக ஓர் இலக்கணம் காத்திருக்கிறது. கடலும் கடல் சார்ந்த நிலமுமான நெய்தல் திணையின் உரிப்பொருள், அதாவது அதற்குரிய உணர்வு, இரங்கல். அதன் சிறுபொழுது எற்பாடு, அதாவது கதிரவன் சாயும் நேரம். கடல் என்பது அங்கே பிரிந்து சென்றவரை எண்ணி வருந்துபவர் நிற்கும் இடமேயன்றி, வருணனைக்குரிய காட்சி மட்டுமன்று. சிலப்பதிகாரத்தின் கானல்வரியில் கோவலனும் மாதவியும் புகார்க் கடற்கரையில் யாழிசைத்து மாறிமாறிப் பாடும் பாடல்களே அவர்களுடைய பிரிவுக்குக் காரணமாகின்றன. கடலைப் பாடுவதாகத் தொடங்குவது கேட்பவர் மனத்தில் வேறு பொருள் கொள்கிறது. இதிலிருந்து நடைமுறையில் எடுத்துக்கொள்ள வேண்டியது, கடலின் அழகை விரித்துச் சொல்லும் வரிகளை நீக்கிவிட்டு, கடலை நோக்கி ஒருவர் பேசும் வரிகளை வைத்துக்கொள்வது. முன்னிலையில் அமைந்த இரண்டு வரிகள் அபிநயத்திற்கு இடம் கொடுக்கும். வருணனை வரிகள் எத்தனை இருந்தாலும் ஆடுபவருக்குக் கையசைப்பை மட்டுமே தரும். நெய்தலுக்குரிய பண்ணாகச் சொல்லப்படும் செவ்வழி, தேவாரப் பண்முறையில் இன்று யதுகுல காம்போதியில் பாடப்படுகிறது என்பதால், சொல்லுள்ள பகுதியை மட்டும் அந்த இராகத்திற்கு மாற்றிப் பார்க்கலாம்.

எட்டாம் படி: சேர்த்தலும் முடித்தலும்

முதலில் ஆடுபவர்கள் மூச்சின் காலத்தில், பிறகு தாளக்கருவி மட்டும், அதன்பின் சுருதியும் மெட்டும், கடைசியில் சொல் என்ற வரிசையில் ஒத்திகைகளை நடத்தினால் எந்த இடத்தில் எது மிகையாகிறது என்பது தெளிவாகத் தெரியும். மொத்த நீளம் நான்கு முதல் ஆறு நிமிடத்திற்குள் இருக்கட்டும். 60 என்ற வேகத்தில் ஐந்து நிமிடம் என்பது 300 அட்சரம். 56 எண்ணிக்கைச் சுழற்சி அதற்குள் ஐந்து முறை முடிந்து 20 அட்சரம் மீதமிருக்கும். ஐந்து சேர்க்கைகளில் ஒன்றை மட்டும் முழு ஒலியில் வைத்து, மற்றவற்றை வெவ்வேறு அளவில் அடக்கி அமைக்க வேண்டும். முழு ஒலியை மூன்றாவதில் வைப்பதைக் காட்டிலும் நான்காவதில் வைத்தால், முதலில் அளந்த அந்த விரைந்த ஏற்றத்திற்கு மாறாக நெடிய ஏற்றமும் குறுகிய இறக்கமுமாக முழு ஆக்கம் வடிவம் கொள்ளும். இரண்டையும் செய்து பார்த்து, அவையில் ஒருவரை உட்காரவைத்துக் கேட்டுத் தீர்மானிக்கலாம். அவரிடம் தலைப்பைச் சொல்லாமல் விடுவது முக்கியம். கடல் என்ற சொல் அவர் வாயிலிருந்து வராவிட்டாலும் கவலையில்லை, எந்த இடத்தில் அடுத்தது வரப்போகிறது என்று அவர் எதிர்பார்த்தார், அது எங்கே பிந்தியது அல்லது முந்தியது என்பதைச் சொல்ல முடிந்தால் காலக்கணக்கு வேலை செய்திருக்கிறது.

மூன்று முறை அடுக்கிச் சமத்தில் கொண்டுவந்து நிறுத்தும் கோர்வையும் தீர்மானமும் கைதட்டல் வாங்கித் தரும் என்பதால் அவற்றை முடிவில் வைக்கத் தோன்றும். இந்த ஆக்கத்திற்கு அவை பொருந்தா. வேண்டுமானால் நான்காவது சேர்க்கையில் வைத்துக்கொள்ளலாம். முடிவுக்கு மீதமுள்ள அந்த 20 அட்சரத்தைப் பயன்படுத்தி, எட்டின் சுழற்சியை இரண்டு முறை முழுமையாக நிகழ்த்தி, மூன்றாவதை நான்காம் எண்ணிக்கையில், உடல் தாழத் தொடங்கிய இடத்திலேயே, விளக்கோடு சேர்த்து நிறுத்திவிட வேண்டும். விளக்கை இயக்குபவரும் ஒத்திகைகளில் தாளம் போட்டு எண்ணிப் பழகியிருந்தால்தான் இது நடக்கும்.